ரக்ரரின்ர ரெண்டு பிரேக்கும் கொம்பியூட்டரும்

செமஸ்ரர், அசைன்மென்ற், இரவு வேலை எண்டு கன நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கேல்லை. இண்டைக்கு ஒரு வாகனக் கதை. வாகனத்தில விருப்பமில்லாத ஆக்கள் பாதியில ஓடிடாதேங்கோ. இடையில மண்ணெண்ணெய் வருது, யாழ்ப்பாணம் வருது, அப்பாவும் வாறார்.

ஏப்ரலில ஒரு சனிக்கிழமை. டண்டினொங்கில இருந்து கிழக்கால ஒரு மணித்தியாலம் அளவு ஓடினா பன்யிப் எண்டொரு காடு இருக்கு. 2019 மார்ச்சில பெரிய நெருப்பு வந்து எரிஞ்ச காடு. இப்ப திரும்பவும் பச்சை பிடிச்சிருக்கு. உள்ளுக்கை களிமண் பாதையள். மழைகாலத்தில, ஜூன் நடுவில இருந்து ஒக்ரோபர் முடியுமட்டும் கன பாதையைப் பூட்டிப் போடுவாங்கள். அதுக்கு முதல் ஒருக்காப் போவம் எண்டு சித்தப்பா தன்ர 1994ம் ஆண்டு ஜீப்பை எடுத்தார். (எங்கட சனத்துக்கு நாலு சில்லும் இழுக்கிற எந்த வாகனமும் ஜீப் தான். கொம்பனி எதுவெண்டு சொல்லேல்லை, காரணம் பிறகு விளங்கும்.) சித்தப்பான்ர கூட்டாளி ஒருத்தர் தன்ர புதுப் பிக்கப்போட வந்தார். வாங்கி ரெண்டு வருசம், சீற் உறை கூடக் கழட்டேல்லை.

முதல்நாள் இரவு நல்ல மழை. ஒரு ஏத்தம், நடுவில ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பள்ளம். பிக்கப்காரர் லோ கியரைப் போட்டு, ஏதோ ஒரு பொத்தானைத் திருகி, காலை மெல்ல வைச்சார். கீழ இருந்து 'டிக் டிக் டிக்' எண்டு ஒரு சத்தம். ஒரு சில்லு அந்தரத்தில தொங்கிச்சுது. வாகனம் ஒரு செக்கன் யோசிச்சிட்டு ஏறிப் போட்டுது. அவர் கண்ணாடிக்குள்ளால கையைக் காட்டினார்.

பிறகு நாங்கள். பள்ளத்துக்கு வந்ததும் முன் இடப்பக்கச் சில்லும் பின் வலப்பக்கச் சில்லும் தூக்கிக்கொண்டுது. அந்த ரெண்டும் பம்பரம் மாதிரிச் சுத்த, நிலத்தில நிண்ட ரெண்டும் அசையேல்லை. இறக்கி, திரும்ப ஏத்தி, மூண்டாந்தரம் தூரத்தில இருந்து ஓட்டமா வந்துதான் ஏறினம். ஏறினதுதான், ஆனா ஒரு மட்காட் அங்கயே போச்சு.

மேல போய்த் தேத்தண்ணி குடிக்கேக்கை சித்தப்பா விட்டுக்குடுக்கேல்லை. "உது ஓட்டமில்லையடா, லிஃப்ற்றில ஏறுற மாதிரி" எண்டார். மற்றவர் "அண்ணை, லிஃப்ற் இருக்கேக்கை ஏன் மதிலேறிக் குதிக்கிறியள்?" எண்டு கேட்டார். நான் படிக்கிறது பொறியியல். ரெண்டு பேரும் என்னட்டைத் தீர்ப்புக் கேட்டிச்சினம். எனக்கு அப்ப ஒண்டும் சொல்லத் தெரியேல்லை. வீட்டை வந்து வாசிக்கத் தொடங்கி, வாசிச்சது எங்கயோ போய் முடிஞ்சுது. அதுதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்தரத்தில தொங்கின சில்லு. வளைவில போகேக்கை வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓடோணும். அதுக்குத்தான் அச்சுக்கு நடுவில டிஃபறன்சல் எண்ட பெட்டி. 1827ல பெக்கர் எண்ட பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்கு எண்டு இதை யோசிச்சவர். நல்ல சாமான்தான், ஆனா ஒரு குணம் இருக்கு: ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் குடுக்கும். ஒரு சில்லு காத்தில சுத்தினா அதுக்குத் தேவையான விசை கிட்டத்தட்டப் பூச்சியம். அப்ப நிலத்தில நிக்கிற சில்லுக்கும் பூச்சியம் தான். காடோடிகளின்ர முழுச் சரித்திரமும் இந்த ஒரு குணத்தோட மல்லுக்கட்டின சரித்திரம் எண்டு சொல்லலாம்.

ஆனா அந்த மல்லுக்கட்டு வாறதுக்கு முதலே அவுஸ்திரேலியாவில சனம் பாலைவனத்தில லொறி ஓடினது. ரொம் குறூஸ் எண்டொருத்தர். அந்த நடிகர் இல்லை :-) இவர் 1936ல இருந்து 1957 வரை மாறீயில இருந்து பேர்ட்ஸ்வில்லுக்குத் தபால் கொண்டுபோனவர். 500 கிலோமீற்றருக்கு மேல, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா. அவரின்ர லேலண்ட் பாட்ஜர் லொறிக்கு நாலு சில்லு இழுவை கிடையாது. மணல் மேடு வந்தா இரும்புத் தகட்டைச் சில்லுக்குக் கீழ போடுறது, ஓடுறது, இறங்கி எடுத்து முன்னுக்குப் போடுறது. 1954ல ஜோன் ஹேயர் எடுத்த 'த பாக் ஒஃப் பியொண்ட்' எண்ட படத்தில அந்த ஓட்டத்தைப் பாக்கலாம். லொறியைக் கடைசியில பாலைவனத்திலயே விட்டிட்டு வந்தவை. பிறகு தேடி எடுத்துத் திருத்தி இப்ப பேர்ட்வூட் நூதனசாலையில வைச்சிருக்கினம். அடிலெய்ட் பக்கம் போறவை ஒருக்காப் பாருங்கோ.

உலக யுத்தத்தில அமெரிக்கன் ஜீப் வந்த பிறகுதான் நாலு சில்லு இழுவை சாதாரண சனத்தின்ர கைக்கு வந்தது. இங்கிலாந்தில றோவர் கொம்பனியின்ர மொறிஸ் வில்க்ஸ் தன்ர தோட்டத்தில ஒரு பழைய ஜீப்பை வைச்சு ஓடிப்போட்டு, இப்பிடி ஒண்டை நாங்களே செய்தால் என்ன எண்டு யோசிச்சார். 1948 ஏப்ரல் 30 ஆம்ஸ்ரடாம் கண்காட்சியில லாண்ட் றோவர் வந்தது. இரும்புக்குத் தட்டுப்பாடு, அதால அலுமினியத்தில உடம்பு. கமக்காரனுக்குப் பாதி ரக்ரர், பாதி கார். இந்த 'பாதி ரக்ரரை' ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்கோ, அப்பா வரேக்கை தேவைப்படும்.

லென் பீடெல் எண்ட நில அளவையாளர் லாண்ட் றோவரை வைச்சுக்கொண்டு வூமெறா றொக்கற் சோதனைக்கு எண்டு மத்திய பாலைவனத்தில 6000 கிலோமீற்றருக்கு மேல றோட்டுப் போடுவிச்சவர். கன்பறல் ஹைவே 1958ல முடிஞ்சது. 1962ல றெஜ் ஸ்பிறிக் எண்ட நிலவியலாளர் மனுசியையும் ரெண்டு பிள்ளையளையும் ஒரு நிசான் பற்றோலில ஏத்திக்கொண்டு சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்தார், வாகனத்தில அதைக் கடந்த முதலாவது ஆக்கள் அவைதான். நாங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு டண்டினொங் சந்தைக்குப் போறதே ஒரு பயணம்.

1949ல இருந்து 1974 வரை நடந்த ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தை விட்டா இந்தக் கதை நிறைவாகாது. முப்பதுக்கு மேற்பட்ட நாட்டு அகதியளும் குடியேறினவையும், ஒரு லட்சம் பேருக்கு மேல வேலை செய்த இடம். முதல்ல லாண்ட் றோவர். பிறகு 1950களின்ர கடைசியில தீஸ் எண்ட ஒப்பந்தக்காரர் ரொயோட்டா லாண்ட் குறூசரை இறக்கினார். 1951ல அந்த வாகனத்தின்ர மூத்த பிறப்பு ஃபுஜி மலையின்ர ஆறாவது தரிப்பு மட்டும் ஏறிக் காட்டினது. யுத்தம் முடிஞ்சு பத்துப் பதினைஞ்சு வருசத்தில ஜப்பான் வாகனத்தை இந்த நாட்டுச் சனம் வாங்கினதெண்டா, சேத்துக்கை நிக்கேக்கை எந்த நாட்டுச் சாமான் எண்டு ஒருத்தரும் பாக்கிறதில்லை. அதே லாண்ட் குறூசர்தான் பிறகு ஐ.சி.ஆர்.சி.யின்ர வெள்ளை நிறத்தில எங்கட வன்னிக்குள்ள ஓடித்திரிஞ்சது.

டண்டினொங்குக்கும் இதில பங்கிருக்கு. இஞ்ச எங்கட கடையளையும் கோயிலையும் மட்டும் தெரிஞ்ச ஆக்களுக்காகச் சொல்லுறன்: 1950களில இது தொழிற்சாலை நகரமா வளந்த ஊர். ஹோல்டன் கார் 1956ல இருந்து இஞ்ச செய்தது. இன்ரர்நஷனல் ஹாவெஸ்ரர் தொழிற்சாலையில அவுஸ்திரேலிய இராணுவத்துக்கு நாலு சில்லு, ஆறு சில்லு இழுவை லொறி செய்தவங்கள். வியட்நாம் யுத்தத்துக்குப் போன லொறியள் அவை. அதில வேலை செய்தவை அனேகம் பேர் ஐரோப்பாவில இருந்து கப்பலில வந்தவை. இப்ப அதே தெருக்களில எங்கட ஆக்கள் பக்ரறி வேலைக்குப் போகினம். மலைப்பக்கம் கில்சைத்தில இருக்கிற ஏ.ஆர்.பி. கொம்பனியும் மெல்பேண் சரக்குத்தான். 1975ல ஒரு தனி மனுசன் தொடங்கினது. டிஃபறன்சலைக் காத்தமுக்கத்தால பூட்டுற 'எயர் லொக்கர்' இவையளால தான் உலகம் முழுக்கப் போனது. பூட்டினா ரெண்டு சில்லும் ஒண்டாத்தான் சுத்தும், தொங்கினாலும் பறவாயில்லை. கொம்பியூட்டர் இல்லை, ஒரு காத்துக்குழாயும் ஒரு சுவிச்சும் மட்டும். சித்தப்பான்ர ஜீப்பில அது இருந்திருந்தா மட்காட் மிஞ்சியிருக்கும். நாலாயிரம் டொலர் எண்டுபோட்டு அவர் போடேல்லை, நாலாயிரமோ மூவாயிரமோ, அவர் சொன்ன கணக்கு. அவரின்ர கணக்குகளை நான் நம்பிறதில்லை.

இனி மண்ணெண்ணெய்.

1990 ஜூனில சண்டை திரும்பத் தொடங்கினதோட யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. எனக்கு அந்தக் காலம் நேரடியாத் தெரியாது, நான் பிறந்தது பிறகு. ஆனா உங்களில மூத்த ஆக்களுக்கு மணமே ஞாபகம் வரும். அப்பப்பாட்டை ஒரு ஒஸ்ரின் ஏ40 சோமசெற் இருந்தது. 1952ல இருந்து 54 வரை செய்த கார், 1200 சி.சி. அந்தக் காரும் மொறிஸ் மைனரும் கேம்பிறிட்ஜும் தான் அந்த வருசங்களில கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் ஓடினது. கொஞ்சப் பெற்றோலை காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. பின்னால வெள்ளைப் புகை. வழியில நிண்டா திரும்பவும் ரெண்டு துளி பெற்றோல்.

இதை எங்கட சனத்தின்ர கெட்டித்தனம் எண்டு மட்டும் நான் நினைச்சுக்கொண்டிருந்தன். கெட்டித்தனம் தான். ஆனா அந்த எஞ்சின்களும் இடம் குடுத்தது. அமுக்க விகிதம் 7க்கு ஒண்டு அளவு, ஆவியாக்கிறதுக்குக் காபரேற்றர், இடையில கேள்வி கேக்க ஒருத்தரும் இல்லை. 1940களின்ர கடைசியில பேர்கசன் ரக்ரரையே இங்கிலாந்தில மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு எண்டு ஒரு மாதிரி செய்து வித்தவங்கள்: பெற்றோலில ஸ்ராட், சூடான பிறகு மற்றது. எங்கட ஆக்கள் கண்டுபிடிச்சதும் அதே வழிதான், ஆனா கொப்பி அடிச்சதில்லை. மண்ணெண்ணெய் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிப் போடும் எண்டதும் ரெண்டு இடத்திலயும் ஒரே தலையிடி. இண்டைக்கு ஒரு புதுப் பெற்றோல் காருக்கு மண்ணெண்ணெய் விட்டுப் பாருங்கோ. டாஷ்போட்டில நத்தார் விளக்கு மாதிரி எல்லா லைற்றும் எரியும், வாகனம் அசையாது. பழசில விருப்பம் எனக்கு எங்க இருந்து வந்ததெண்டு இப்ப விளங்கியிருக்கும்.

அண்டு இரவு அப்பாவுக்கு எடுத்தன். அவர் கிளிநொச்சியில. பன்யிப் ஏத்தத்தையும் அந்த 'டிக் டிக்' சத்தத்தையும் சொன்னன். ஒரு சில்லு சும்மா சுத்தினா கொம்பியூட்டர் அந்தச் சில்லுக்கு மட்டும் பிரேக் பிடிக்குது, அப்ப விசை மற்றப் பக்கம் போகுது எண்டு வகுப்பெடுத்தன். அப்பா கேட்டுக்கொண்டிருந்திட்டுச் சொன்னார்:

"உதைத்தானேயடா நான் காலால செய்தனான்."

1996 மாரி. வலிகாமத்தில இருந்து வெளிக்கிட்டு, தென்மராட்சியில நிண்டு, கிளாலி தாண்டி வன்னிக்கு வந்து, ஒட்டுசுட்டான் பக்கம் ஒருத்தரின்ர மசி பேர்கசன் ரக்ரர் ஓடினவர். பெட்டியில சனமும் சாமானும். காட்டுப்பாதை, முழங்கால் சேறு. ரக்ரருக்குப் பின் சில்லு ரெண்டுக்கும் தனித்தனிப் பிரேக் மிதி இருக்கு. வயல் மூலையில ஒரு பக்கத்தைப் பிடிச்சுச் சட்டெண்டு திருப்பிறதுக்கு வைச்சது. இடப்பக்கச் சில்லு சேத்துக்கை சுத்தினா இடப்பக்க மிதியை மட்டும் மெல்ல அமத்துறது. சுத்திற சில்லு இறுக, விசை வலப்பக்கம் போகும், ரக்ரர் எழும்பும். கூட அமத்தினா எஞ்சின் நிண்டிடும், குறைய அமத்தினா புதையும். "காலுக்குத் தெரியும்" எண்டார். சுத்திறது எந்தப் பக்கம் எண்டு இருட்டில எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். சேறு எந்தப் பக்கத்தால முதுகில அடிக்குதோ அந்தப் பக்கமாம்.

நான் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. நாலு வருசம் படிச்சும் எனக்கு இது தோணேல்லை.

சரி, அப்ப ஏன் இந்த வித்தை கார், ஜீப்புகளுக்கு வர இவ்வளவு காலம் எடுத்தது? சாதாரண வாகனத்தில ஒரு மிதிதான். அமத்தினா எல்லாச் சில்லையும் ஒண்டாப் பிடிக்கும். சுத்திறதையும் பிடிக்கும், நிலத்தில நிக்கிறதையும் பிடிக்கும், பிரயோசனமில்லை. ஒவ்வொரு சில்லின்ர வேகத்தையும் தனித்தனியா அளந்து தனித்தனியாப் பிடிக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் 1978ல வந்தது: பொஷ்ஷும் மேர்சிடிஸும் சேர்ந்து பெரிய பென்ஸ் காருக்குப் போட்ட ஏ.பி.எஸ். பிரேக். அது வந்தது காட்டுக்கில்லை, ஈர றோட்டில சில்லு பூட்டிக்கொண்டு சறுக்காமல் இருக்க. ஆனா அளக்கிற கண்ணும் பிடிக்கிற கையும் வாகனத்துக்கை வந்த பிறகு மிச்சம் சொவ்ற்வெயர் தான். 1990களின்ர தொடக்கத்தில றேஞ் றோவரில அதே சாமானை மறுவளமாப் பாவிச்சு, சுத்திற சில்லைப் பிடிக்க வைச்சாங்கள். அப்பான்ர இடது மிதி, வலது மிதி. 1997ல ஃப்றீலாண்டருக்கு இறக்கத்தில தானா வேகத்தைப் பிடிக்கிற வசதி. அந்த வாகனத்தில லோ கியர் இல்லை. இல்லாத கியரின்ர இடத்தை நிரப்ப வந்ததுதான் அது. 2004ல டிஸ்கவறி 3ல ஒரு திருகாணி: புல்லு, மணல், சேறு, கல்லு எண்டு நீங்கள் சொன்னா மிச்சத்தை அது பாக்கும்.

சித்தப்பான்ர கட்சிக்கும் ஞாயம் இருக்கு. கொம்பியூட்டர் சில்லு சுத்தின பிறகுதான் பிடிக்கும், பூட்டு சுத்த முதலே பிடிக்கும். ஆழமான மணலில சறுக்கல் தடுப்பு எஞ்சினை அமத்திப் போட்டா வாகனம் அங்கயே இருந்திடும், அதால நிப்பாட்டத் தெரிஞ்சிருக்கோணும். ஒரு சென்சர் வயர் அறுந்தா நடுக்காட்டில குறட்டை வைச்சு ஒண்டும் செய்யேலாது. அவுஸ்திரேலியாவில கமக்காரரும் சுரங்கக்காரரும் 1984ல வந்த 70 தொடர் லாண்ட் குறூசரை விடாமல் வாங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா அதுக்குக் கூட 2016ல சறுக்கல் தடுப்புப் போட்டுத்தான் ஆகவேண்டி வந்தது.

ஏன் போட்டாங்கள் எண்டதுதான் நான் இவ்வளவு நேரமும் சொல்லாமல் விட்ட பகுதி.

அண்டைக்குத் திரும்பி வரேக்கை ஜீப்பை நான்தான் ஓடினன். சித்தப்பாவுக்கு முதுகு நோ. ஜெம்புறூக் பக்கத்து வளைவு றோட்டு, தூறல், பின்னேரம். காடு முடிஞ்சுது, தார் றோட்டு, இனிப் பயமில்லை எண்டொரு நினைப்பு. ஒரு வளைவுக்குக் கொஞ்சம் வேகமா வந்திட்டன். பயத்தில காலை எடுத்தன், பின்பக்கம் கழண்டு போச்சுது. ஸ்ரியறிங்கை மறுபக்கம் திருப்பினன், அது மற்றப் பக்கம் வீசிச்சுது. ஜீப் உயரம், பாரம் மேல. சில்லு ரெண்டு தூக்கினதோ எண்டு எனக்கு இப்பவும் தெரியாது. றோட்டுக்கரை புல்லுக்கை போய், ஒரு பெரிய மரத்துக்கு ஒரு மீற்றர் முன்னால நிண்டுது. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. பிழை ஜீப்பின்ர இல்லை, என்ர. சித்தப்பா ஏசேல்லை, அதுதான் கூடப் பயமா இருந்தது.

பின்னால வந்த பிக்கப் அதே வளைவைச் சாதாரணமா எடுத்தது.

1995ல பொஷ்ஷும் மேர்சிடிஸும் கொண்டுவந்த இ.எஸ்.சி. எண்ட சாமான் இதுக்குத்தான். ஸ்ரியறிங் எங்க பாக்குது, வாகனம் எங்க போகுது எண்டு ரெண்டையும் ஒப்பிட்டு, ஒத்துவராட்டி ஒரு சில்லை மட்டும் பிடிச்சு மூக்கை நேராக்கும். 1997ல சுவீடனில ஒரு சின்ன மேர்சிடிஸ் திடீர்த் திருப்பல் சோதனையில கவிழ்ந்து உலகமே சிரிச்ச பிறகு அந்தக் காருகள் எல்லாத்துக்கும் போட்டாங்கள். விக்ரோறியா மாநிலம் 2011ல புதுக் காருகளுக்குக் கட்டாயமாக்கினது, அவுஸ்திரேலியாவில முதலாவது. இதில எங்கட மொனாஷ் பல்கலைக்கழக விபத்து ஆராய்ச்சி மையத்தின்ர ஆய்வுகளை வாசிச்சுப் பாத்தன்: தனி வாகனம் கட்டுப்பாடிழந்து போற விபத்துகளை இ.எஸ்.சி. குறைக்குது, சாதாரணக் காரை விட உயரமான நாலு சில்லு வாகனங்களில பலன் இன்னும் கூட. களிமண் ஏத்தத்தில பழசா புதுசா எண்டு நாங்கள் தேத்தண்ணியோட சண்டை பிடிச்சம். ஆனா ஆக்கள் சாகிறது ஏத்தத்தில இல்லை, வீட்டை திரும்பி வாற தார் றோட்டில.

அப்பான்ர கால் சேத்துக்கை ஒரு சில்லைப் பிடிக்கும். மணிக்கு எண்பதில, கால் செக்கனில, நாலு சில்லில எதைப் பிடிக்கிறது எண்டு அப்பாவுக்கும் தெரியாது. மிதியும் இல்லை.

அப்ப என்ர தீர்ப்பு என்னெண்டா, ஏத்தத்தில ரெண்டு பேரும் சரி, வளைவில கூட்டாளி மட்டும் சரி. பெற்றோல் இல்லாத ஊரில அப்பப்பான்ர சோமசெற் தான் சரி. அப்பிடி ஒரு ஊர் திரும்ப வரக்கூடாது.

இதுக்குள்ள ஒரு சிக்கல் இருக்கு. சித்தப்பா அந்த ஜீப்பை எனக்குத் தாறன் எண்டு முதலே சொல்லியிருந்தார், மலிவா, ஆறுதலா மாசக்காசு. நான் ஓம் எண்டும் சொல்லியிருந்தன். போன கிழமை போய் வேண்டாம் எண்டு சொன்னன். வளைவைப் பற்றி ரெண்டு பேரும் வாய் திறக்கேல்லை. "நீ படிச்சனி, உனக்குத் தெரியும்" எண்டுபோட்டு மட்காட்டை வெல்டிங் பண்ணப் போட்டார். 2012ம் ஆண்டு இ.எஸ்.சி. உள்ள ஒரு சின்னக் கார் பாத்து வைச்சிருக்கிறன், பின்கதவு நெளிஞ்சது. ஆராவது நல்ல வாகனம் தெரிஞ்சா சொல்லுங்கோ.

அம்மா இதை வாசிக்க மாட்டா எண்ட நம்பிக்கையில எழுதியிருக்கிறன். அப்பாவுக்கு மட்டும் பிறகு ஒருநாள் சொன்னன். அவர் கேட்டது ஒண்டுதான்: "ஈரத்தில ஏன் காலை எடுத்தனி?"